கூட்டத்தில் ஒருத்தி

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் யூனியன் செயலாளர் அறை வாசலில் வந்து நின்றபோது, "எனக்குக் கவிதை எல்லாம் வராதுப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "கவிதை 43 வந்திருக்கு. அதுல முப்பது காதல், பத்து அம்மா, மூணு தமிழ்த்தாய். கட்டுரைதான் ஆள் இல்லை" என்றான். (இந்த வரியை அவன் அச்சில் விடுவானா தெரியாது!) ஆகவே நண்பர்களே, நான் பார்த்த இரண்டு படங்களைப் பற்றியும், அதனால் எங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றியும் எழுதுகிறேன். படம் என்றதும் யார் ஹீரோ என்று கேட்காதீர்கள். இவற்றில் ஹீரோ கிடையாது. முதல் படத்தில் வருகிறவர்களுக்குத் தாங்கள் ஒரு படத்தில் வரப்போகிறோம் என்பதே தெரியாது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மதியம். ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. செமினார் ஹாலுக்கு ஜெனரேட்டர் உண்டு, ஃபேன் ஓடும். அதற்காகத்தான் போனேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆங்கில மேடம் மாதம் ஒரு படம் போடுவார். அன்றைக்குப் போட்ட படத்தின் பெயர் "த்ரீ மினிட்ஸ்: எ லெங்தனிங்". மூன்று நிமிஷப் படம்தானே என்று நாற்பது பேர் உட்கார்ந்தோம். ஓடியதோ ஒரு மணி ஒன்பது நிமிஷம்! கடைசியில் விளக்கைப் போட்டபோது மேடத்தையும் சேர்த்து ஏழு பேர் இருந்தோம்.

பியாங்கா ஸ்டிக்டர் என்ற டச்சுப் பெண்மணி 2021-இல் கொண்டுவந்த படம் அது. "எடுத்த படம்" என்று எழுத வந்தேன், நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் திரையில் நாம் பார்ப்பது ஏறக்குறைய முழுவதும் 1938-ஆம் வருடம் வேறு ஒருவர் எடுத்தது. அவர் பெயர் டேவிட் கர்ட்ஸ். போலந்து நாட்டில் வார்சாவுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் நாஷெல்ஸ்க் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பிறந்து, சிறு பிள்ளையிலேயே பெற்றோருடன் அமெரிக்கா போய், நியூயார்க்கில் நன்றாக இருந்தவர். 1938 ஆகஸ்டில் மனைவியோடும் நண்பர்களோடும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், பிறந்த ஊரையும் எட்டிப் பார்த்தார். கையில் ஒரு 16 எம்.எம். கேமரா. கொஞ்சம் கறுப்பு வெள்ளை, கொஞ்சம் கலர். ஊரில் அவர் எடுத்தது மூன்று நிமிஷமும் சொச்சமும்தான்.

என்ன இருக்கிறது அந்த மூன்று நிமிஷத்தில்? சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா நம் தெருவில் கேமராவோடு இறங்கினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. பையன்கள் ஓடி வருகிறார்கள். முன்னால் நிற்பவனைப் பின்னால் நிற்பவன் தள்ளுகிறான். கேமரா திரும்பும் பக்கமெல்லாம் அந்தக் கூட்டமும் ஓடுகிறது, ஒரே பையன் மூன்று இடத்தில் வருகிறான். பெரியவர்கள் எட்ட நின்று, இதெல்லாம் நமக்கு எதற்கு என்பது போலப் பார்த்துவிட்டு, பிறகு அவர்களும் சிரிக்கிறார்கள். கோயிலிலிருந்து, அதாவது யூதர்களின் தொழுகைக்கூடத்திலிருந்து, ஜனங்கள் வாசற்படி இறங்கி வருகிறார்கள். அவ்வளவுதான். முதல் தடவை ஓடியபோது நாங்கள் சிரித்தோம். எங்கள் ஊர்த் திருவிழா வீடியோ மாதிரியே இருந்தது.

அதற்கப்புறம் ஒரு பெண் குரல் நிதானமாகப் பேச ஆரம்பிக்கிறது. அந்த ஊரில் சுமார் ஏழாயிரம் பேர் இருந்தார்கள். அதில் மூவாயிரம் பேர் யூதர்கள். 1939 செப்டம்பரில் ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. அதே வருடம் டிசம்பர் 3-ஆம் தேதி நாஷெல்ஸ்க் யூதர்கள் எல்லோரையும் வீட்டைவிட்டு விரட்டி ரயிலில் ஏற்றினார்கள். பெரும்பாலோர் முடிவில் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் செத்துப்போனார்கள். போர் முடிந்தபோது அந்த மூவாயிரத்தில் உயிரோடு இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. இதைச் சொல்லிவிட்டு அதே மூன்று நிமிஷத்தை மறுபடியும் ஓட விடுகிறார்கள். அதே பையன்கள். அதே தள்ளுமுள்ளு. ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த ஃபிலிம் எப்படிப் பிழைத்தது என்பது தனிக்கதை. 2009-இல் டேவிட் கர்ட்ஸின் பேரன் கிளென் கர்ட்ஸ், ஃப்ளோரிடாவில் தன் பெற்றோர் வீட்டு அலமாரியில் அதைக் கண்டெடுத்தார். அதற்குள் ஃபிலிம் கெட்டுப்போயிருந்தது. பழைய அசிடேட் ஃபிலிம் ஈரத்திலும் சூட்டிலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியே வரும், டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், வளையும். (முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் அசிட்டிக் அமிலம் படித்தோமே, அதேதான். அன்றைக்கு எதற்குடா இதெல்லாம் என்று தூங்கினேன்.) இன்னும் கொஞ்சம் நாள் கழிந்திருந்தால் ஒரு கட்டி பிளாஸ்டிக்தான் மிஞ்சியிருக்கும். வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தில் கொடுத்து, அதைப் பக்குவப்படுத்தி, ஒவ்வொரு பிரேமாகப் பிரதி எடுத்தார்கள்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூன்று நிமிஷத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்ன செய்வார்கள்? துப்பு துலக்குகிறார்கள், நண்பர்களே! பொருளின் மேல் சந்தேகப்படும் போலீஸ்காரர் மாதிரி. ஒரு மளிகைக் கடையின் பெயர்ப் பலகை மங்கலாகத் தெரிகிறது. எழுத்துக் கலங்கி இருக்கிறது. அதை ஒரு ஆராய்ச்சியாளர் எழுத்து எழுத்தாக, இது இந்த எழுத்தாக இருக்குமா அந்த எழுத்தாக இருக்குமா என்று போராடி, கடைக்காரர் பெயரைப் பிடிக்கிறார். சட்டைப் பொத்தானை உற்றுப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அந்த ஊரில் பொத்தான் செய்யும் ஃபேக்டரி ஒன்று இருந்தது. கோயில் கதவில் செதுக்கிய சிங்கத்தைப் பார்க்கிறார்கள். சதுக்கத்தில் நிற்கிற மரம் என்ன மரம் என்றுகூடப் பார்க்கிறார்கள். பையன்கள் தலையில் இருக்கும் தொப்பியை வைத்து அவன் எந்த மாதிரி வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்கிறார்கள். நமக்கெல்லாம் சர்வே பிராக்டிகலில் ஒரு பாயின்ட்டை ரெண்டு இடத்திலிருந்து பார்த்துக் குறிக்கச் சொல்வார்களே, அந்த வேலைதான்.

ஒரு இடம் மட்டும் பார்க்க முடியவில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி அந்தச் சதுக்கத்தில் நடந்ததை நேரில் கண்டவர்கள் சொன்ன வாக்குமூலத்தை வாசிக்கிறார்கள். வார்சா கெட்டோவில் ரிங்கல்ப்ளும் என்ற சரித்திர ஆசிரியரும் அவர் கூட்டாளிகளும் ரகசியமாகத் திரட்டி, தகரப் பெட்டியிலும் பால் கேனிலும் போட்டுப் புதைத்து வைத்த காகிதங்களில் இருந்தது அது. அதை வாசிக்கும் நேரம் முழுக்கத் திரையில் அதே சதுக்கம்தான், ஒரே ஒரு பிரேம். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஊரும் இல்லை, மரமும் இல்லை, வெறும் புள்ளி புள்ளியாக ஃபிலிமின் பொடிதான் தெரிகிறது. பிணத்தைக் காட்டவில்லை, துப்பாக்கியைக் காட்டவில்லை. ஆனாலும் என் பக்கத்தில் இருந்த மெக்கானிக்கல் பையன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்தக் கூட்டத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட முகங்கள். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக வெட்டி எடுத்து வரிசையாக வைக்கிறார்கள். அதில் பெயர் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஒருவர் மட்டும் உயிரோடு கிடைத்தார். அமெரிக்காவில் இருந்த ஒரு பெண் அருங்காட்சியகம் வெளியிட்ட அந்தப் படத்தைப் பார்க்கும்போது, கூட்டத்தில் ஒரு பையன் முகம் தன் தாத்தா முகமாக இருக்கிறதே என்று திடுக்கிட்டிருக்கிறாள். அவர்தான் மாரிஸ் சாண்ட்லர். படம் எடுத்தபோது 13 வயது. அவர் குரல் படத்தில் வருகிறது. அவன் இன்னான், இவன் வீடு இங்கே, இவனோடு விளையாடாதே என்று சொல்வார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, அதுவரை 'கூட்டம்' என்று இருந்தது திடீரென்று ஒரு தெருவாக மாறிவிடுகிறது. எத்தனை நிபுணர் வந்தாலும், ஃபிலிமை எத்தனை பெரிதாக்கினாலும், கூட விளையாடினவன் ஒருத்தன் வந்து 'இது இன்னார்' என்று சொன்னால்தான் உண்டு.

வெளியே டீக்கடையில் மேடம் எங்களுக்கு டீ வாங்கித் தந்தார். "நம்ம ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருந்தார், தெரியுமா?" என்று ஏ.கே. செட்டியாரைப் பற்றிச் சொன்னார். கோட்டையூர்க்காரர். காந்தியைப் பற்றி உலகத்தில் யார் யாரோ எடுத்துப் போட்டிருந்த படச் சுருள்களைத் தேடி, கண்டம் கண்டமாகச் சுற்றிச் சேர்த்து, 1940-இல் தமிழ் விளக்கத்தோடு வெளியிட்டார். வெள்ளைக்காரன் காலத்தில்! "அந்தத் தமிழ்ப் படம் இப்ப எங்க மேடம் கிடைக்கும்?" என்று கேட்டேன். முழுசாகக் கிடைப்பதில்லையாம். காந்தி படத்துக்கே அந்தக் கதி என்றால்... என்று நினைத்தேன். மிச்சத்தை நினைக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் என் அப்பாருக்கு (அப்பாவின் அப்பா) ஒரே ஒரு போட்டோ உண்டு. அதுவும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்தது. ஓரத்தில் நிற்கிறார். பாதி முகம் பிரேமுக்கு வெளியே.

கிளம்பும்போது மேடம் இன்னொரு படத்தைப் பென் டிரைவில் ஏற்றித் தந்தார். "டாசன் சிட்டி: ஃப்ரோசன் டைம்", 2016-இல் பில் மாரிசன் செய்தது. இதைப் பொங்கல் லீவில் வீட்டில்தான் பார்த்தேன். இரண்டு மணி நேரம். பேச்சு அநேகமாகக் கிடையாது, பெரும்பாலும் இசையும் எழுத்தும்தான். என் ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டியிருந்தது. நடுவில் இருபது நிமிஷம் தூங்கியும் போனேன். ஆனாலும் அதன் விஷயம் இருக்கிறதே, அதை ஒரு சிவில் மாணவன் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் ஆற்றங்கரையில் இருக்கிறது டாசன் என்ற ஊர். 1896-இல் பக்கத்தில் தங்கம் கிடைத்ததும் ஜனம் அலைமோதி ஒரே வருடத்தில் நகரமானது. காலங்காலமாக அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஹான் மக்கள் கீழே வேறு இடத்துக்கு ஒதுங்க வேண்டி வந்தது. தங்கம் தீர்ந்தது, வந்த கூட்டம் போய்விட்டது, சினிமா கொட்டகை மட்டும் நின்றது. சினிமாப் பெட்டி ஊர் ஊராகச் சுற்றி அங்கே போய்ச் சேர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுதான் கடைசி ஊர். திருப்பி அனுப்புகிற செலவுக்கு அந்தப் படம் பெறாது என்று கம்பெனிகள் கைவிட்டுவிட்டன. பெட்டிகள் ஊர் நூலகத்துக் கீழ்அறையில் குவிந்தன. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் லேசில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரித்தார்கள், ஆற்றில் போட்டார்கள். 1929-இல் ஒரு பகுதியை என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரில் ஒரு நீச்சல் குளம். குளிர்காலத்தில் அதன்மேல் ஐஸ் ஹாக்கி ஆடுவார்கள். குளத்தின் மேலே இருக்கும் ஐஸ் மட்டமாக நிற்கவில்லை. எனவே குளத்தை மூடிவிடுவது என்று முடிவு செய்து, மண்ணோடு மண்ணாக இந்த ஃபிலிம் சுருள்களையும் போட்டு ரொப்பிவிட்டார்கள். பேக்ஃபில்லிங்!

1978-இல் அங்கே புதுக் கட்டடத்துக்காக மண்ணைத் தோண்டும்போது இயந்திரத்தின் வாளியில் ஃபிலிம் சுருள் வந்தது. அந்த ஊரில் மண் உறைந்தே கிடப்பதால் ஐம்பது வருடம் போலக் கெடாமல் இருந்திருக்கிறது. 533 சுருள்கள். மற்ற இடங்களில் ஒரு பிரதிகூட இல்லாமல் அழிந்துபோன ஊமைப் படங்களும் செய்திப் படங்களும் அதில் இருந்தன. 1919-ஆம் வருடத்துப் பேஸ்பால் போட்டி ஒன்று, சூதாட்டத்தில் விலைபோனதாக அமெரிக்காவே நாறிப்போன போட்டி, அதன் காட்சிகூட இருந்தது. மாரிசன் அவற்றை வைத்தே அந்த ஊரின் கதையைச் சொல்கிறார். ஓரங்களில் தண்ணீர் அரித்த கறை வெள்ளையாகத் துடித்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு பெண் கதவைத் திறந்து யாரையோ பார்ப்பாள். பார்ப்பதற்குள் கறை வந்து அவளை விழுங்கிவிடும்.

இதைப் பார்க்கும்போது அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். என் அப்பா ஜே.சி.பி. ஓட்டுகிறார். சொந்த வண்டி இல்லை, சம்பளத்துக்கு. அந்த இயந்திரம் மண்ணுக்குள்ளிருந்து ஃபிலிமைக் கிளப்பிய இடம் வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் நிறுத்திட்டானா?" என்றார்.

"யாருங்கப்பா?"

"வண்டி ஓட்டுனவன்."

"நிறுத்திட்டாங்க. ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்காங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நான் கேட்காமலே சொன்னார். நான் நாலாவதோ அஞ்சாவதோ படிக்கும்போது, ஒரு பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டப் போயிருக்கிறார். எட்டடி ஆழத்தில் பெரிய பெரிய பானை. வாய் மூடின பானை. பக்கெட் பல் பட்டு ஒன்று உடைந்தது, உள்ளே எலும்பும் சின்னச் சின்னச் சட்டியும் இருந்ததாம். முதுமக்கள் தாழி என்று பாடப் புத்தகத்தில் நாம் படித்ததுதான். அப்பா வண்டியை ஆஃப் செய்துவிட்டு இறங்கியிருக்கிறார். கான்ட்ராக்டர் ஓடி வந்து, "தாசில்தாருக்குத் தெரிஞ்சா மூணு மாசம் வேலை நிக்கும். உனக்கு வாடகை யார் குடுப்பா? அள்ளிக் கொட்டு" என்றாராம்.

"அப்புறம்?"

"அள்ளிக் கொட்டிட்டேன். ஏழு லோடு."

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன் என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாதம் எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருப்பார். அது எனக்குத் தெரியும்.

இப்போது ஆத்தாவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மண் வேலைதான், நண்பர்களே. ஆத்தா தலையில் சுமந்தாள். அப்பா மெஷினில் அள்ளுகிறார். நான் லெவல் பார்த்து எத்தனை கன மீட்டர் என்று கணக்குப் போடப் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான் என்பதால் வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ஆத்தாவிடம் மட்டும் கிடையாது.

ஆத்தாவுக்கு எண்பதை ஒட்டி வயசு. 1960-களின் தொடக்கத்தில் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் ஆழியாறு அணை கட்டும்போது மண் கூடை சுமந்தவள். இதை நான் சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், அதாவது காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பொங்கல் லீவில்தான் போனை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். முதலில் நாஷெல்ஸ்க் படத்தைக் காட்டினேன். போலந்து, ஹிட்லர் என்று ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவே இல்லை. "அந்தப் பொட்டப்புள்ளைய எவனோ நெட்டித் தள்றான் பாரு கண்ணு... விழுந்துறப் போகுது" என்றாள். ஒரு பிரேமில் ஒரு பெரியவர் பையன்களை விரட்டுகிற மாதிரி கையை ஓங்குவார். "அவரு அடிக்கமாட்டாரு, சும்மா" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

பிறகு அணைப் படங்களைத் தேடி எடுத்தேன். 1948-இல் நம் அரசாங்கம் ஃபிலிம்ஸ் டிவிஷன் என்று ஒன்றைத் தொடங்கியது. (2022-இல் அதை என்.எஃப்.டி.சி.யோடு சேர்த்துவிட்டார்கள்.) கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் அதன் செய்திப் படம் ஓட்டியே ஆக வேண்டும் என்று இருந்த காலம். அதில் பழைய படங்கள் சில இப்போது போனிலேயே கிடைக்கின்றன. வடக்கே ஏதோ ஒரு அணை. கம்பீரமான ஆங்கிலக் குரல் ஒன்று எத்தனை டன் சிமெண்ட், எத்தனை லட்சம் ஏக்கர், எத்தனை ஆயிரம் தொழிலாளர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. திரையில் பெண்கள் வரிசையாகச் சாரத்தில் ஏறுகிறார்கள். ஒருத்தி பெயரும் கிடையாது. ஸ்டிக்டர் செய்தது போல நானும் ஒரு இடத்தில் நிறுத்தினேன்.

ஆத்தா போனைக் கையில் வாங்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இது மண்ணு இல்ல, கலவை."

"எப்பிடி ஆத்தா சொல்ற? கறுப்பு வெள்ளைல ஒண்ணும் தெரியலையே."

"நடையப் பாரு. மண்ணுன்னா கையை விட்டுட்டு நடக்கலாம். கலவை தளும்பும், மேல ஊத்துனா புண்ணாகிப்போகும். அதான் ரெண்டு கையும் மேல இருக்குது."

நான் மறுபடி ஓட விட்டேன். சரிதான். எல்லோரும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். ஒருத்தியைத் தவிர. ஐந்தாவதாக வருகிறவள் ஒரு கையால் சட்டியையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்திருந்தாள். நான் கவனிக்கவே இல்லை. ஆத்தா அவள் மேல் விரலை வைத்தாள். விரல் பட்டதும் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. மறுபடி நிறுத்திக் கொடுத்தேன்.

"இவ முழுகாம இருக்கறா. நாலு மாசம், அஞ்சு மாசம் இருக்கும். சொல்லமாட்டாளுக கண்ணு. சொன்னா நாளைக்கு ஆளு வேண்டாம்னுருவான். சேலையை ஏத்திக் கட்டி மறைச்சுக்குவாளுக." கொஞ்சம் நிறுத்தி, "பெரியவன் வயித்துல இருக்கறப்ப நானும் இப்படித்தான் நடந்தேன்" என்றாள்.

பெரியவன் என்றால் என் பெரியப்பா. இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த ஆங்கிலக் குரலுக்கும் தெரியாது. கேமரா பிடித்தவருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணின் ஊர், பேர், அந்தப் பிள்ளை பிறந்ததா என்பது ஒன்றும் தெரியாது. ஆனால் அறுபது எழுபது வருடமாக அவள் அந்தச் சாரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டே இருக்கிறாள், எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

"எங்களையும் ஒருக்கா படம் புடிச்சாங்க" என்றாள் ஆத்தா. ஜீப்பில் வந்தார்களாம். வரிசையாக நடக்கச் சொன்னார்களாம். பாரத்தோடு நடந்தால் முகம் கோணுகிறது, சிரிப்பு வரவில்லை என்று காலிக் கூடையைக் கொடுத்து நடக்கவிட்டார்களாம். "அன்னிக்கு ஒரு அரைமணி நேரம் சுகமா இருந்துச்சு" என்று சிரித்தாள். அப்புறம் கேட்டாள், "அதுல நான் இருப்பனா கண்ணு?"

தேடினேன். லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தும் தேடினேன். தமிழில், ஆங்கிலத்தில், ஆழியாறை எப்படியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதலாமோ அப்படியெல்லாம் எழுதித் தேடினேன். மேடமும் தேடித் தந்தார். கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள், எந்த இலாகா, அலமாரியில் இருக்கிறதா, வினிகர் வாடையோடு சுருண்டுவிட்டதா, குப்பையோடு எங்கேயாவது பள்ளத்தை ரொப்பப் போய்விட்டதா. ஆத்தாவிடம் கிடைக்கவில்லை என்று சொல்லவில்லை. "தேடிட்டிருக்கேன்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது லெவலிங் ஃபீல்டு புக் ஒன்றைக் கொண்டுபோனேன். (ஸ்டோரில் கணக்கு கேட்டால் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆத்தாவின் கூட்டாளிகள், ஒரே மேஸ்திரியின் கீழே கூடை சுமந்தவர்கள், அவர்கள் பெயரைச் சொல்லச் சொல்லி எழுதினேன். பேக் சைட், ஃபோர் சைட் என்று அச்சடித்த கட்டங்களில் பேர், ஊர், எந்தக் கைப்பக்கம் நடப்பாள் என்று எழுதினேன். முதலில் நாலு பேர்தான் வந்தது. பிறகு, யார் பாட்டுப் பாடுவாள், யார் கூடையை முதலில் இறக்குவாள், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கேட்கக் கேட்க ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்திக்குப் பேரே வரவில்லை. இடது காதில் தோடு இல்லாதவள் என்று எழுதிவைத்தேன். இரண்டு நாளில் 14 பேர் ஆனது. ஆத்தாவைத் தவிர இப்போது இருப்பவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது.

போன வாரம் விடியற்காலை அஞ்சரை மணிக்கு அப்பா நம்பரிலிருந்து போன். வீட்டில் யாருக்கு என்னவோ என்று பதறி எடுத்தேன். ஆத்தா.

"கண்ணு, தூங்கறயா?"

"இல்ல ஆத்தா, சொல்லு. என்னாச்சு?"

"அந்த நோட்டுல ஒம்பதாவதா ஒருத்தி பேரு எழுதச் சொன்னேன்ல, அதை அடிச்சுரு. ராத்திரி பூரா ரோசனை பண்ணிப் பாத்தேன். அவ ஆழியாத்துல இல்ல, திருமூர்த்தி அணைல எங்கூட இருந்தவ. தப்பா எழுதி வெச்சரக் கூடாது, பாரு."

"அடிச்சர்றேன் ஆத்தா."

"பேனாவுல அடிக்காத. தனியா ஒரு தாள் போட்டு, திருமூர்த்தின்னு மேல எழுதி, அதுல எழுதிக்க."